மஞ்சள் பலகையிலிருந்து தொடங்குங்கள்: சுவிட்சர்லாந்தில் மலைநடைக்குப் புதியவர்களுக்கு

சுவிட்சர்லாந்துக்கு வேலைக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கழிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. கடைகள் மூடியிருக்கும், தெரு வெறிச்சோடிக் கிடக்கும். ஆனால் ரயில் நிலையத்தில் மட்டும் காலை ஏழரை மணிக்கே கூட்டம் நிற்கும். முதுகில் பை, காலில் தடித்த காலணி, கையில் ஊன்றுகோல். எழுபது வயதுப் பாட்டியும் இருப்பார், குழந்தையை முதுகில் கட்டிய அப்பாவும் இருப்பார். இவர்கள் எங்கேதான் போகிறார்கள் என்று எனக்குப் புரிய ஓராண்டு ஆனது. நடக்கப் போகிறார்கள், அவ்வளவுதான்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். கண்ணுக்கெட்டிய வரை சமதரை. ஆற்றங்கரையும் வாய்க்கால் வரப்பும்தான் எங்களுக்கு மேடு. மலை என்றால் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்த கொடைக்கானலும், வேண்டுதலுக்கு ஏறிய பழனியும்தான். அப்படி வந்தவனுக்கு இன்று இந்த நாட்டில் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், யோசிக்காமல் பாதைகள் என்பேன். 65,000 கிலோமீட்டருக்கு மேல் அடையாளமிட்ட நடைபாதைகள் இங்கே இருக்கின்றன. அதில் நடக்கக் கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டு இல்லை, வழிகாட்டி வேண்டியதில்லை.

புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலைக்கு வந்தவர், படிக்க வந்தவர், கணவரோடோ மனைவியோடோ வந்து மொழி தெரியாமல் வீட்டில் இருப்பவர், கோடையில் மூன்று மாதம் வந்து தங்கும் அப்பா அம்மா எல்லோருக்கும் இதில் ஏதாவது இருக்கும். என் அனுபவத்தில் ஒன்று உறுதி: சிகரம் ஏறுவதையே குறியாக வைத்துத் தொடங்கியவர்கள் இரண்டாம் மாதமே விட்டுவிட்டார்கள். விதவிதமான பாதைகளை மாற்றி மாற்றி நடந்தவர்களுக்குத்தான் இது பிடித்துப்போனது. காடு, ஆறு, திராட்சைத் தோட்டம், பள்ளத்தாக்கு, பனியாறு என்று ஒவ்வொன்றுக்கும் காலில் படும் தரை வேறு, மூச்சு வாங்கும் விதம் வேறு.

முதலில் பலகையைப் படியுங்கள்

எந்த ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தாலும் ஒரு கம்பத்தில் அம்பு வடிவில் மஞ்சள் பலகைகள் இருக்கும். கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர், பக்கத்தில் மணியும் நிமிடமும். கிலோமீட்டரைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. மலையில் நாலு கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம், மூன்று மணி நேரமாகவும் இருக்கலாம். அதனால் தூரத்தைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்கிறார்கள். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்ற வேகத்தை அடிப்படையாக வைத்து, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட நேரம் அது. நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் நேரமும், படம் எடுக்கும் நேரமும் அதில் சேராது.

அதே கம்பத்தில் ஒரு வெள்ளைக் கட்டமும் இருக்கும். நீங்கள் நிற்கும் இடத்தின் பெயரும், கடல் மட்டத்திலிருந்து அதன் உயரமும் அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு கம்பத்திலும் அதைப் படம் எடுத்துக்கொள்வது என் பழக்கம். வழி தவறினால் கடைசியாக எங்கே இருந்தோம் என்று தெரியும், உதவிக்கு அழைத்தால் சொல்ல ஒரு பெயர் இருக்கும்.

என் மூன்றாவது நடையில், இப்படி ஒரு கம்பத்தின் கீழ் கைப்பேசியைப் பார்த்துக் குழம்பி நின்றபோது, யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் பின்னால் வந்தார். எண்பதுகளிலேயே இங்கு வந்துவிட்டவர். பலகையைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: “தம்பி, இதில ரெண்டு மணித்தியாலம் எண்டு போட்டிருந்தா நீங்கள் மூண்டு எண்டு வையுங்கோ. திரும்பி வாற வண்டியைப் பாத்துப்போட்டுப் பிறகு நடவுங்கோ.” அன்றிலிருந்து இன்று வரை எல்லா நடைக்கும் ஒன்றரை மடங்கு கணக்குதான். ஒருமுறைகூட அது என்னைக் கைவிட்டதில்லை.

அடுத்து நிறங்கள். இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை, யாரும் போகலாம். பலகையின் முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை இருந்தால் அது மலைப்பாதை. செங்குத்தாக இருக்கும், குறுகலாக இருக்கும், ஓரத்தில் சரிவு இருக்கும். நல்ல காலணியும், உயரத்தைக் கண்டு தலைசுற்றாத மனமும் வேண்டும். பலகையே நீலமாக, வெள்ளை-நீலம்-வெள்ளைப் பட்டையோடு இருந்தால் அது ஆல்பைன் பாதை. பனியாற்றைக் கடக்க வேண்டியிருக்கலாம், கையால் பிடித்து ஏற வேண்டியிருக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நீலத்தின் பக்கமே போக வேண்டாம். குளிர்காலத்துக்கென்று இளஞ்சிவப்புப் பலகைகள் தனியாக உண்டு. நடுவழியில் கம்பம் இல்லாத இடங்களில், பாறையிலும் மரத்திலும் மஞ்சள் சாய்சதுரமோ சிவப்புப் பட்டையோ தீட்டியிருப்பார்கள். கால் மணி நேரமாக எந்த அடையாளமும் கண்ணில் படவில்லை என்றால் வழி தவறிவிட்டீர்கள். திரும்பி, கடைசியாகப் பார்த்த அடையாளம் வரை வாருங்கள்.

இந்த ஏற்பாடு தானாக வந்ததில்லை. 1930-களில் மைலன் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் யோஹான் யாகோப் எஸ், மாணவர்களோடு கிளவுசன் கணவாய்ச் சாலையில் நடந்தபோது மோட்டார் வண்டிகளின் தொந்தரவு தாங்காமல், நடப்பவர்களுக்கென்று தனிப் பாதை வேண்டும் என்று கிளம்பியவர். 1934-இல் அதற்கான சங்கம் தொடங்கியது. 1979-இல் மக்கள் வாக்களித்து நடைபாதைகளை அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இன்றைய அரசமைப்பில் அது 88-ஆவது பிரிவு. நடப்பதற்கு அரசமைப்பில் இடம் கொடுத்த நாட்டில் இருக்கிறோம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

முதல் நடைக்கு ஊட்லிபெர்க்

சூரிச்சில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இதுதான். சூரிச் தலைமை நிலையத்திலிருந்து எஸ் 10 ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் ஊட்லிபெர்க் உச்சிக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். உயரம் சுமார் 870 மீட்டர். ஏறும் வேலையை ரயிலே செய்துவிடுவதால், நமக்கு மிச்சம் மலைமுதுகின் மேலேயே தெற்கு நோக்கி ஃபெல்செனெக் வரை நடப்பதுதான். பலகைக் கணக்கில் இரண்டு மணி நேரத்துக்குள். அகலமான பாதை, இடப்பக்கம் சூரிச் ஏரி, வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் பனிமலை வரிசை.

இந்தப் பாதையில் சூரியக் குடும்பத்தையே வரிசையாக வைத்திருக்கிறார்கள். நூறு கோடியில் ஒரு பங்கு அளவு. அதாவது நீங்கள் வைக்கும் ஒவ்வொரு மீட்டரும் விண்வெளியில் பத்து லட்சம் கிலோமீட்டர். தொடக்கத்தில் சூரியன் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உருண்டை. அங்கிருந்து நூற்றைம்பது மீட்டரில் பூமி வந்துவிடும், கொண்டைக்கடலை அளவில். வியாழனுக்கு முக்கால் கிலோமீட்டர் போக வேண்டும், நெப்டியூனுக்கு நாலரை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் “இன்னும் எவ்வளவு தூரம்” என்ற கேள்வியே வராது, அடுத்த கோள் எங்கே என்று அவர்களே முன்னால் ஓடுவார்கள்.

ஃபெல்செனெக்கிலிருந்து கேபிள் காரில் ஐந்து நிமிடத்தில் அட்லிஸ்வில் இறங்கிவிடலாம். அட்லிஸ்வில் என்றாலே இங்குள்ள தமிழர்களுக்கு முருகன் கோயில்தான் நினைவுக்கு வரும். குறிஞ்சி நிலத்துக் கடவுளை மலையடிவாரத்தில் நினைத்துக்கொண்டு வீடு திரும்புவது எனக்குப் பிடித்த முடிவு.

பெர்னில் இருப்பவர்களுக்கு ஆரே ஆற்றங்கரை இருக்கிறது. ஆற்றை ஒட்டியே தூன் வரை பாதை உண்டு. விரும்பிய நிலையத்தில் ஏறி விரும்பிய நிலையத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முதல் மாதம் இப்படி மஞ்சள் பாதைகளிலேயே நாலைந்து முறை நடந்துவிடுங்கள்.

காலணியில் சிக்கனம் வேண்டாம்

மஞ்சள் பாதைக்கு, அடிப்பாகம் தேயாத ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக்குப் போகத் தொடங்கும்போது, கணுக்காலைப் பிடித்து நிற்கும், ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடிப்பாகம் உள்ள மலைக்காலணி வாங்குங்கள். வாங்கப் போகும்போது மாலையில் போங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகும் தடித்த சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நல்ல கடைகளில் சரிவான மரப்பலகை ஒன்று வைத்திருப்பார்கள். அதில் இறங்கிப் பாருங்கள். கட்டைவிரல் முன்னால் போய் இடித்தால் ஒரு அளவு பெரிதாக வேண்டும். ஏறும்போது தெரியாத தவறு இறங்கும்போது தெரியும், நகம் கறுத்துவிடும். வாங்கியதும் நேரே மலைக்குப் போகாமல் ஒரு வாரம் காய்கறி வாங்கப் போகும்போதும் பேருந்துக்கு நடக்கும்போதும் அதையே போட்டுப் பழக்குங்கள்.

அப்புறம் உடை. நம்மூர்ப் பழக்கத்தில் பருத்தி பனியன் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஏறும்போது வியர்வையில் அது நனையும், மேலே போய் நின்றதும் காற்றில் முதுகு விறைத்துப்போகும். கம்பளியோ செயற்கை நூலோ உடலோடு ஒட்டி இருக்கட்டும். மேலே ஒரு கதகதப்பான சட்டை, அதன் மேல் மழைக்கோட்டு. ஜூலை மாதமாக இருந்தாலும் மழைக்கோட்டு பையில் இருக்க வேண்டும். குடை மலையில் காற்றுக்கு நிற்காது.

இருபது லிட்டர் பை ஒரு நாளுக்குப் போதும். தண்ணீர் ஒன்றரை லிட்டர், தொப்பி, வெயில் கிரீம், பிளாஸ்டர், சிறு டார்ச், சார்ஜ் நிறைந்த பவர் பேங்க், கொஞ்சம் ரொக்கம். மலை மேல் சாப்பாடும் தங்க இடமும் தரும் மலைக்குடில்கள் சிலவற்றில் அட்டை செல்லாது. ஊர்களுக்குள் இருக்கும் குழாய்த்தொட்டிகளில் ஓடும் தண்ணீரைக் குடிக்கலாம். குடிக்கக் கூடாததாக இருந்தால் ‘கைன் ட்ரிங்க்வாசர்’ என்று எழுதியிருக்கும்.

சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் புளிச்சோறுதான். காலையில் கிளறி எடுத்துப் போனால் மதியம் வரை ருசி கூடிக்கொண்டே இருக்கும், கைக்கு அடக்கமான டப்பா, வயிற்றுக்கும் தெம்பு. எலுமிச்சைச் சாதமும் நன்றாக இருக்கும். தயிர்ச்சாதம் வெயில் நாளில் மூன்று மணி நேரத்தில் புளித்துவிடுகிறது. ஞாயிறு போவதாக இருந்தால் சனிக்கிழமையே பொருள் வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று பெரிய நிலையங்களில் உள்ள கடைகள்தான் திறந்திருக்கும்.

கடைசி வண்டி எப்போது?

இங்கே தங்கப் போகிறவர்கள் முதல் மாதமே ஹால்ப்டாக்ஸ் அட்டை எடுத்துவிடுங்கள். ரயில், பேருந்து, படகு என்று ஏறக்குறைய எல்லாமே பாதிக் கட்டணம். பல கேபிள் கார்களுக்கும் அது செல்லும். ரயில் போகாத ஊருக்குப் போஸ்ட் ஆட்டோ என்ற மஞ்சள் நிறப் பேருந்து போகும். மலைச்சாலை வளைவுகளில் அது அடிக்கும் மூன்று சுர ஹாரன் ரோசினியின் ‘வில்லியம் டெல்’ இசையிலிருந்து எடுத்தது. பள்ளத்தாக்கில் அது எதிரொலிப்பதை முதன்முதலில் கேட்டபோது நான் நின்று கேட்டேன்.

நடையைத் திட்டமிடும்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். பல இடங்களில் மாலை ஐந்தைச் சுற்றியே நின்றுவிடும். அதை விட்டால் ஆயிரம் மீட்டர் உயரத்தைக் காலால் இறங்க வேண்டும், முழங்கால் தாங்காது. அதிலிருந்து ஒன்றரை மடங்கு நேரத்தைக் கழித்து, எப்போது நடக்கத் தொடங்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வசந்தத்திலும் நவம்பரிலும் பல கேபிள் கார்கள் பராமரிப்புக்காக வாரக்கணக்கில் ஓடாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானமும் பனியும்

கைப்பேசியில் மூன்று செயலிகள் போதும்: வண்டிக்கு எஸ்பிபி, வானிலைக்கு மெட்டியோஸ்விஸ், வரைபடத்துக்கு ஸ்விஸ்டோப்போ. கடைசியாகச் சொன்னது அரசின் வரைபடம், இலவசம். போகும் பகுதியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். மூடப்பட்ட பாதைகளையும் அதில் காட்டுவார்கள். இதைப் பார்க்காமல் போகாதீர்கள். காண்டர்ஸ்டெக் என்ற ஊருக்கு மேலே இருக்கும் ஓஷினன் ஏரி மிக அழகான இடம். ஆனால் அங்கே ஸ்பிட்சர் ஸ்டைன் என்ற மலைமுகடு நகர்ந்துகொண்டே இருப்பதால் சுற்றியுள்ள சில பாதைகளை மூடியிருக்கிறார்கள். பழைய படத்தைப் பார்த்துக் கிளம்பினால் தடுப்புக் கம்பியில்தான் போய் நிற்க வேண்டும்.

கோடையில் இடி பிற்பகலில் வரும். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பி இரண்டு மணிக்குள் உயரத்தை விட்டு இறங்கிவிடுவது நல்லது.

பனியைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். என் இரண்டாவது கோடை, ஜூன் நடுவில் பெர்ன் மாநிலத்து மலைப்பகுதியான பெர்னர் ஓபர்லாண்டில் ஒரு வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பாதையில் நானும் மனைவியும் போனோம். கீழே பூக்கள், வெயில், 25 டிகிரி. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு ஓடைப்பள்ளத்தில், பாதையின் குறுக்கே முப்பதடி அகலத்துக்குப் பழைய பனி கிடந்தது. மேலே முந்தைய நாள் கால்தடங்கள். மற்றவர்கள் போயிருக்கிறார்களே என்று நான் காலை வைத்தேன். நாலாவது அடியில் வழுக்கியது. பனியின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது, பிடிக்க எதுவும் இல்லை. பத்தடி கீழே ஒரு பாறையில் இடித்து நின்றேன். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்தது. அந்தப் பாறைக்குக் கீழே சரிவு நீண்டு போவதை எழுந்து நின்ற பிறகுதான் பார்த்தேன். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் வந்த வழியே திரும்பினோம்.

அதனால் சொல்கிறேன்: இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஜூலைக்கு முன் போகாதீர்கள். பனி கூடின ஆண்டில் ஜூலையிலும் விசாரித்துவிட்டுப் போங்கள், மலைக்குடிலுக்கு ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். குறுக்கே பனி கிடந்தால், யாருடைய கால்தடம் இருந்தாலும், திரும்புங்கள்.

இப்போது பாதையை மாற்றுங்கள்

ஐந்தாறு மஞ்சள் பாதைகள் ஆனதும், ஒவ்வொரு மாதமும் ஒரு புது வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

திராட்சைத் தோட்டத்துக்கு லாவோ. ஜெனீவா ஏரிக்கரையில் லூட்ரி முதல் சான் சஃபோரான் வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும். கற்சுவர் கட்டிய படிப்படியான தோட்டங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவிகள் தொடங்கிய வேலை, 2007 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வானத்துச் சூரியன், ஏரியில் எதிரொளிக்கும் சூரியன், பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை விடும் கற்சுவர் என்று மூன்று சூரியன்கள் அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். செப்டம்பர் மாதம் அறுவடைக்கு முன் போங்கள். பாதை முழுக்க சிமெண்டும் தாரும் என்பதால் ஷூவே போதும்.

ஜூரா மலையில் க்ரூ டு வான். நுவாரெக் நிலையத்தில் இறங்கி, காட்டுக்குள் பதினான்கு வளைவுகள் ஏறினால், திடீரென்று குதிரை லாடம் மாதிரி வளைந்த 160 மீட்டர்ச் செங்குத்துப் பாறைச் சுவரின் தலையில் நிற்பீர்கள். மேலே உள்ள கல்சுவரைத் தாண்டி விளிம்புக்குப் போக வேண்டாம்.

ரைன் பள்ளத்தாக்கான ருயினால்டா, சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஃப்லிம்ஸ் பக்கம் ஒரு மலையே சரிந்து விழ, அந்த இடிபாட்டை ஆறு அறுத்துக்கொண்டு போனதால் உண்டானது. வெள்ளைப் பாறை, பச்சைத் தண்ணீர், நடுவில் சிவப்பு ரயில்.

பனியாற்றுக்கு ஆலெட்ஷ். ஆல்ப்ஸ் மலைகளிலேயே நீளமான பனியாறு, சுமார் இருபது கிலோமீட்டர். பெட்மெரால்ப் போய், அங்கிருந்து பெட்மெர்ஹார்ன் ஏறி, பனியாற்றைப் பார்த்தபடி நடக்கலாம். அது தேய்வதைக் கண்ணால் காணலாம். பனியாற்றின் மேல்பகுதியில் 1877-இல் கட்டிய கொங்கோர்டியா குடில் அன்று பனியிலிருந்து ஐம்பது மீட்டர் உயரத்தில் இருந்தது. பனி தாழ்ந்துகொண்டே போனதால் இன்று அந்தக் குடிலுக்கு ஏற நானூறுக்கு மேல் படிகள் கட்டியிருக்கிறார்கள். முடிந்தால் சில ஆண்டுகளுக்குள் போய்ப் பார்த்துவிடுங்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமானது வலே மாநிலத்து வாய்க்கால் பாதைகள். பிரெஞ்சில் பீஸ் என்பார்கள், அங்கத்து ஜெர்மனில் சுவோனன். வலே பள்ளத்தாக்கை இரண்டு பக்கமும் உயர்ந்த மலைகள் மறைப்பதால் மழை குறைவு, சியோன் நகரில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான். அதனால் இடைக்காலத்திலிருந்தே மேலே உருகும் பனியாற்றுத் தண்ணீரை மலைச்சரிவோடு வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து வயலுக்கும் தோட்டத்துக்கும் விட்டிருக்கிறார்கள். மண் இருந்த இடத்தில் வெட்டினார்கள். செங்குத்துப் பாறை வந்த இடத்தில், பாறையில் துளையிட்டு மரத்தை முளையடித்து, அதன் மேல் மரத்தொட்டி வைத்துத் தண்ணீரை அந்தரத்தில் நடத்தினார்கள். 2023-இல் ஐரோப்பாவின் மரபுப் பாசன முறைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது சுவிட்சர்லாந்தும் அதில் இருந்தது.

தண்ணீர் மெதுவாக ஓட வேண்டும் என்பதால் வாய்க்கால் ஏறக்குறைய மட்டமாகவே போகும். பக்கத்திலேயே வாய்க்கால் காவல்காரன் நடந்த ஒற்றையடிப் பாதை. அதில்தான் நாம் நடக்கிறோம். ஏற்றம் இல்லை, மர நிழல், காலடியில் தண்ணீர்ச் சத்தம். வயதானவர்களுக்கு இதைவிட நல்ல மலைநடை கிடையாது. ஆனால் எல்லா வாய்க்காலும் ஒன்றல்ல. சிலவற்றில் பாறைச்சுவரை ஒட்டிப் பலகை மேல் நடக்க வேண்டும், ஒரு பக்கம் அதலபாதாளம். பலகையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

என் அம்மா வந்திருந்த கோடையில், மரங்களுக்குள் மட்டமாகப் போகும் மஞ்சள் வாய்க்கால் பாதை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகி, காலில் என் மனைவியின் ஷூ. முதல் அரை மணி நேரம் பேசாமல் நடந்தார். பிறகு ஒரு மரப்பலகை மதகின் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீரில் கையை விட்டு அளைந்தார். “ஏன்டா, இதுக்கு மொறை வச்சுதானே விடுவாங்க? யாருக்கு எத்தன மணி நேரம்னு யாரு கணக்கு வச்சுக்கறா?” என்று கேட்டார்.

முறை உண்டு என்றேன். ஒவ்வொரு குடும்பத்தின் தண்ணீர்ப் பங்கையும் அந்தக் காலத்தில் மரக்கட்டையில் வெட்டுக் குறிகளாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். காவல்காரனுக்கு ஒரு வசதியும் இருந்தது. ஓடும் தண்ணீரில் சிறு சக்கரம் ஒன்றை வைத்து, அது சுற்றும்போதெல்லாம் ஒரு சுத்தியல் பலகையில் ‘டொக் டொக்’ என்று அடிக்கும்படி செய்திருந்தார்கள். இரவில் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் தூங்கலாம், நின்றுவிட்டால் எங்கோ வாய்க்கால் உடைந்துவிட்டது, எழுந்து ஓட வேண்டும். “நம்ம லஸ்கருக்கு இப்படி ஒண்ணு இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்” என்றார் அம்மா. ஆற்று மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் வருகைக்காகக் கரையில் காத்திருந்த தலைமுறை அவர். அன்று இரண்டரை மணி நேரம் நடந்தார். ஊருக்குப் போன பிறகும் யார் கேட்டாலும் அந்த வாய்க்காலைப் பற்றித்தான் சொல்கிறாராம்.

சியோன் நகரிலிருந்து பேருந்தில் சாவியேஸ் போய், அங்கிருந்து நடக்கும் டோரான் நெஃப் வாய்க்காலும் பார்க்க வேண்டியது. பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டியது, 1930-களில் சுரங்கம் வந்ததும் கைவிடப்பட்டது, பிறகு தொங்குபாலங்களோடு மீட்டெடுத்திருக்கிறார்கள். உயரம் பயம் இல்லாதவர்களுக்கு மட்டும்.

மாடும் உண்ணியும்

நம்மில் பலர் மாட்டோடு வளர்ந்தவர்கள். அந்தத் தைரியத்தை இங்கே காட்ட வேண்டாம். மலைமேய்ச்சலில் கன்றோடு விட்டிருக்கும் பசுக்கள் தினம் மனிதக் கை படாதவை. கன்றின் பக்கம் யார் போனாலும் பாயும். இருபது முதல் ஐம்பது மீட்டர் தள்ளியே சுற்றிப் போங்கள், கன்றைத் தடவ நினைக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காமல் அமைதியாகக் கடந்து போங்கள். ஆட்டு மந்தையைக் காக்கும் பெரிய வெள்ளை நாய்கள் குரைத்தபடி வந்தால் ஓடாமல் நில்லுங்கள், அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். திறந்த வேலிக் கதவை உடனே மூட வேண்டும்.

காட்டிலும் உயரமான புல்லிலும் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, குழந்தைகளுக்கு முடிக்குள்ளும் பாருங்கள். கடித்திருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவக் கூடாது. கடித்த இடத்தைச் சுற்றி சில நாளில் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போங்கள், அது லைம் நோயாக இருக்கலாம். உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. நாட்டின் பெரும்பகுதிக்கு அதைப் பரிந்துரைக்கிறார்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

அழைக்க வேண்டிய எண்கள்: 1414 ரேகா மீட்பு ஹெலிகாப்டர், வலே மாநிலத்தில் 144, எங்கும் 112. ரேகாவின் செயலியில் அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் தானாகவே அவர்களுக்குப் போய்விடும். ஹெலிகாப்டர் வரும்போது இரண்டு கையையும் மேலே விரித்து ‘ஒய்’ எழுத்து மாதிரி நின்றால் உதவி வேண்டும் என்று பொருள். ஒரு கையை மேலேயும் ஒன்றைக் கீழேயும் சாய்வாக நீட்டினால் வேண்டாம் என்று பொருள். வேடிக்கையாகக் கையாட்டிவிடாதீர்கள்.

செலவைப் பற்றிப் பயம் இருக்கும். ஒரு முதலாளியிடம் வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் அவர் மூலமே காப்பீடு இருக்கும். வேலை செய்யாத துணைவர், குழந்தைகள், மாணவர்களுக்கு மருத்துவக் காப்பீட்டில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஊரிலிருந்து வரும் பெற்றோரின் பயணக் காப்பீட்டில் மலை மீட்பு உண்டா என்பதையும். தனியாகப் போவதாக இருந்தால், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னும் ஒன்று. பாதையில் எதிரே வருபவர்கள் முகம் தெரியாதவரானாலும் வணக்கம் சொல்வார்கள். சூரிச் பக்கம் ‘க்ரூயெட்ஸி’, பெர்னில் ‘க்ரூயெஸெக்’, பிரெஞ்சுப் பகுதியில் ‘போன்ஷூர்’, இத்தாலிய மொழி பேசும் டிச்சினோவில் ‘புவோன்ஜோர்னோ’, கிழக்கே எங்கடின் பள்ளத்தாக்கில் ‘அலெக்ரா’. நகரத்தில் லிஃப்டில்கூடப் பேசாதவர்கள் மலையில் நின்று பாதையின் நிலைமையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நீங்களும் சொல்லுங்கள். அந்த யாழ்ப்பாணத்து ஐயாவைப் போன கோடையில் ஃபெல்செனெக் கேபிள் கார் வரிசையில் மறுபடி பார்த்தேன். கூட ஒரு பேரன், காலில் புதுக் காலணி. பேரன் என்னைப் பார்த்து ‘க்ரூயெட்ஸி’ என்றான். ஐயா அவன் தோளில் தட்டி, “தமிழ் ஆள் அல்லோ, வணக்கம் எண்டு சொல்லு” என்றார்.